குறை சொல்லுங்கள்... காது கேட்கும்!

புது காது மெஷின் ஏன் பீரோவுக்குள் போய்விடுகிறது? வலி, விசில், எதிரொலி, இரைச்சல்... எல்லாவற்றுக்கும் தீர்வு உண்டு!

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்புக், லாக்கர் சாவி, எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு பெட்டி இருக்கலாம். உள்ளே ஒரு ஜோடி காது மெஷின். மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். இல்லையென்றால் முகாமில் இலவசமாகக் கிடைத்ததாக இருக்கும். பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு நாள் போட்டதோடு சரி.

"ஏன் தாத்தா போடுறதில்ல?" என்றால் ஒரே பதில்தான்: "அது நமக்குச் சரிப்படலப்பா."

அந்த 'சரிப்படல'வைக் கொஞ்சம் கிளறினால் உள்ளேயிருந்து ஐந்து புகார்கள் வரும். காது வலிக்குது. என் குரலே எனக்குக் குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. கீச்சுனு விசில் அடிக்குது. பாத்திரம் விழுந்தா தலைக்குள்ள இடி விழுது. சத்தம் கேக்குது, பேச்சு புரியல.

ஐந்துக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, தனித்தனித் தீர்வும் உண்டு. பல சமயம் அது ஒரு சின்ன ரப்பர் முனையை மாற்றுவதாகவோ, கம்ப்யூட்டரில் ஒரு அளவைக் குறைப்பதாகவோ இருக்கும். ஆனால், அதைச் செய்யக் கூடியவரிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. "பாவம், அந்தப் பொண்ணு நல்லாத்தான் மாட்டிவிட்டுச்சு, நமக்குத்தான் பழகல" என்று பெரியவர்கள் பழியைத் தங்கள்மீதே போட்டுக்கொள்கிறார்கள். மற்ற விஷயங்களில் அனுசரித்துப் போவது நல்ல குணம். காது மெஷினில் மட்டும் அனுசரித்துப் போகிறவர் தோற்றுப்போகிறார். குறை சொல்லத் தெரிந்தவருக்குத்தான் காது கேட்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் செவித்திறன் குறைவு இருக்கிறது. அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ, கருவியோ, பயிற்சியோ தேவை. காது மெஷினால் பயன்பெறக் கூடியவர்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் 17 சதவிகிதம்தான். விலை, வெட்கம், வசதியின்மை என்று இதற்குப் பல காரணங்கள். வாங்கியும் போடாமல் வைத்திருப்பவர்களின் கதை அதில் தனி அத்தியாயம். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்காகவும்.

'கேட்குது... புரியல!'

கண்ணாடி போட்ட மறுநொடி எழுத்து தெளிவாகிவிடுகிறது. காது மெஷினிடமும் அதையே எதிர்பார்ப்பதுதான் முதல் ஏமாற்றம். காதின் பிரச்னை வேறு மாதிரி.

நம் உள்காதில் காக்ளியா என்ற சுருள் உறுப்பு இருக்கிறது. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் அதற்குள் வரிசையாக அமைந்திருக்கின்றன. கூர்மையான, உச்ச ஸ்தாயி ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் வாசல் பக்கம். தடித்த ஒலிகளைப் பிடிப்பவை உள்கோடியில். வயதாலும் இரைச்சலாலும் முதலில் தேய்வது பெரும்பாலும் வாசல் பக்கத்துச் செல்கள்தான்.

ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருப்பவை. பேச்சுக்குச் சத்தம் தருவது அவைதான். க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, மேல் ஸ்தாயியில் இருப்பவை. ஆனால், வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுவது அவைதான். புளி, குளி, சுளி, துளி... முதல் மெய்யை இழந்த காதுக்கு நான்கும் ஒன்றுதான். "காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று அப்பா சொல்வது வீம்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் மற்றவர்களைப் போலவே, சில சமயம் அதைவிடவும் அதிகமாக உறைக்கும். "என்ன சொன்ன? கேக்கல" என்பவர், நாம் குரலை உயர்த்தியதும் "எதுக்குக் கத்துற?" என்கிறாரே, அது இதனால்தான். அவரால் தாங்கிக்கொள்ள முடிகிற ஒலியின் எல்லை மேலும் கீழும் சுருங்கியிருக்கிறது. அந்தக் குறுகிய இடத்துக்குள் உலகத்தின் எல்லாச் சத்தத்தையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். மெல்லியதை நிறையக் கூட்ட வேண்டும், நடுத்தரத்தை அளவோடு கூட்ட வேண்டும், பெரியதைத் தொடாமல் விட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கித் தள்ளும் மலிவுக் கருவிகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

கருவிக்குப் போகுமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகக் கூட இருக்கலாம். சீழ், தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் குறைவு என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால் அது அவசர சிகிச்சை. முதல் சில நாள்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் கடையில் போய் மெஷின் விலை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

வலி பழகாது, பழகவும் கூடாது

காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, மெல்லிய வயர் வழியாகக் குட்டி ஸ்பீக்கரைக் காதுக்குள் விடும் வகை, முழுவதுமாகக் காதுக்குள்ளேயே அடங்கும் வகை என்று மெஷின்களில் பல ரகம். எந்த ரகமானாலும் காதுக்குள் போகும் முனை இரண்டில் ஒன்றுதான். ஒன்று, டோம் எனப்படும் ரெடிமேட் சிலிக்கான் குடை. மற்றது, அவரவர் காதுக்கு அளவெடுத்துச் செய்யும் மோல்டு.

மோல்டுக்கு அளவெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் எவ்வளவு நுணுக்கம் என்பது புரியும். செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் முதலில் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்க்கிறார். நூல் கட்டிய சின்னப் பஞ்சு உருண்டை ஒன்றைச் செவிப்பறைக்கு முன்னால் நிறுத்துகிறார். கலவை உள்ளே ஓடிவிடாமல் அது தடுக்கும். இரண்டு நிற சிலிக்கானைப் பிசைந்து சிரிஞ்சில் அடைத்து மெல்ல உள்ளே செலுத்துகிறார். காது சில்லென்று அடைத்துக்கொள்கிறது. "வாயைத் திறந்து மூடுங்கம்மா" என்று சொல்வதும் உண்டு. மெல்லும்போதும் பேசும்போதும் காதுக்குழாயின் வடிவம் மாறும் என்பதால் அப்படி. சில நிமிடங்களில் கலவை இறுகியதும் மெதுவாகத் திருகி வெளியே எடுக்கிறார். காதின் உள்வழி அச்சாக அவர் கையில் இருக்கிறது. இரண்டு வளைவு, ஒரு பள்ளம், ஒரு மேடு. இடது காதின் அச்சு வலது காதோடு ஒத்துப்போவதில்லை.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் மோல்டு ஏதாவது ஒரு முனையில் உரசலாம். முதல் சில நாள்கள் காதில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வும் லேசான அரிப்பும் இயல்பு. வலி, சிவப்பு, புண் ஆகியவை இயல்பு இல்லை. கழற்றி வைத்துவிட்டு, எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். கெட்டியான அக்ரிலிக் மோல்டில் அந்த இடத்தை மட்டும் ராவி வழவழப்பாக்கித் தருவார்கள். அதுவும் போதவில்லை என்றால் மென்மையான சிலிக்கானில் புதிதாகச் செய்யலாம். டோம் என்றால் ஒரு சைஸ் மாற்றினாலே சரியாகிவிடும். வீட்டில் நகவெட்டியின் அரத்தை எடுத்து நீங்களே ராவக் கிளம்பாதீர்கள்.

பாதி வலிக்குக் காரணம் மெஷின் சரியாக உட்காராததுதான். சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலக் குறி இடது காதுக்கு. இது உலகம் முழுவதும் ஒரே வழக்கம். ஒரு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முனையை உள்ளே விட்டு லேசாகத் திருக வேண்டும். ஆடியாலஜிஸ்டின் அறையை விட்டு வெளியே வருமுன், கண்ணாடி பார்க்காமல் நீங்களே இரண்டு காதிலும் மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள். கை நடுங்குகிறவர்கள், விரலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வாங்கும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். கண்ணுக்கே தெரியாத குட்டி மெஷின் அழகுதான். ஆனால், அதன் பேட்டரியை விரலில் பிடிக்க முடியாதவருக்கு அதனால் என்ன பயன்?

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் கண்ணாடி, பிறகு மெஷின் என்று போட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதும் சட்டையைத் தலைவழியே கழற்றும்போதும்தான் மெஷின்கள் அதிகம் தொலைகின்றன.

குடத்துக்குள் பேசும் குரல்

நாம் பேசும்போது தாடை எலும்பு வழியாக ஒரு அதிர்வு காதுக்குழாய்ச் சுவருக்கு வருகிறது. காது திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். வாசலை அடைத்தால் உள்ளேயே மாட்டிக்கொண்டு செவிப்பறையில் மோதும். இரண்டு காதையும் விரலால் இறுக மூடிக்கொண்டு 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள். காது மெஷின் போட்டவர் சொல்லும் குறை உடனே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மெஷினைக் காதிலிருந்து எடுக்காமல் ஆஃப் மட்டும் செய்துவிட்டு 'ஈ' என்று சொல்லுங்கள். அப்போதும் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தால் காரணம் அடைப்பு. திறப்பு அதிகமுள்ள டோம் போடலாம், மோல்டில் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம். ஆஃப் செய்ததும் எதிரொலி போய்விட்டால் காரணம் புரோகிராம். கீழ் ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் குறைத்தால் போதும். "எதிரொலிக்குது" என்று மட்டும் சொல்வதைவிட, "ஆஃப் பண்ணாலும் எதிரொலிக்குது" என்று சொன்னால் ஆடியாலஜிஸ்டுக்குப் பாதி வேலை முடிந்தது.

துளையைப் பெரிதாக்குவதற்கு ஒரு எல்லை உண்டு. வாசல் திறக்கத் திறக்க, மெஷின் பெருக்கிய ஒலி வெளியே கசிந்து திரும்ப அதன் மைக்குக்குள்ளேயே போகும். அந்தச் சுற்றுதான் விசில். கீழ் ஸ்தாயியும் நன்றாகக் குறைந்தவருக்கு முழுத் திறப்பு ஒத்துவராது. பெருக்க வேண்டிய ஒலியே வெளியே ஓடிவிடும். எந்த அளவு திறப்பு என்பது உங்கள் செவித்திறன் வரைபடத்தையும் உங்கள் பொறுமையையும் வைத்து நீங்களும் ஆடியாலஜிஸ்டும் பேசி எடுக்க வேண்டிய முடிவு.

விசில் யாருடைய தப்பு?

கையில் பொத்திப் பிடித்தால் மெஷின் விசிலடிப்பது சகஜம். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். காதில் மாட்டிய பிறகும் அடித்தால் முதலில் கழற்றிச் சரியாக மாட்டுங்கள். அப்படியும் அடித்தால் காதில் குறும்பி சேர்ந்திருக்கலாம். உள்ளே போக வழியில்லாத ஒலி திரும்பி வந்துவிடும். டோம் சைஸ் சின்னதாக இருக்கலாம். உடம்பு இளைத்தால் காதுக்குழாயின் அளவும் மாறி, போன வருடத்து மோல்டு இந்த வருடம் லொடலொடக்கலாம். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினின் பிளாஸ்டிக் குழாய் மஞ்சளாகி விறைத்துப் போயிருக்கலாம். அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளரும் குழந்தைகளுக்குக் காதும் வளர்வதால் மோல்டை அடிக்கடி புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

விசில் என்றதும் சிலர் ஒட்டுமொத்தச் சத்தத்தையும் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். விசில் நிற்கும், கூடவே க, ச, த, ப-வும் போய்விடும். "சத்தத்தைக் குறைக்காம விசிலை நிறுத்த வழி இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கம்ப்யூட்டர் போட்ட கணக்கை யார் சரிபார்ப்பது?

டிஜிட்டல் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, உங்கள் செவித்திறன் வரைபடத்தைக் கொடுத்தால், எந்த ஸ்தாயிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒரு சூத்திரம் கணக்குப் போடும். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்.ஏ.எல்., கனடாவில் உருவான டி.எஸ்.எல். ஆகியவை உலகம் முழுக்கப் பயன்படும் சூத்திரங்கள். கம்பெனிகளும் தங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. 'ஃபர்ஸ்ட் ஃபிட்' என்ற பட்டனைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் முதல் அளவு தயார்.

பல இடங்களில் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. "நல்லா கேக்குதாய்யா?" "கேக்குதும்மா." பில்.

அந்தக் கணக்கு சராசரிக் காதுக்குப் போட்டது. உங்கள் காதுக்குழாய் நீளமா குட்டையா, அகலமா குறுகலா என்பதைப் பொறுத்து செவிப்பறையில் போய்ச் சேரும் ஒலி மாறும். உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்க ஒரு பரிசோதனை இருக்கிறது. பெயர், ரியல் இயர் மெஷர்மென்ட். மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் தூரம்வரை விடுவார்கள். அதன்மேல் மெஷினை மாட்டி, எதிரே உள்ள ஸ்பீக்கரில் பேச்சு ஒலியை ஓடவிடுவார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டால் முதலில் குழப்பமாக இருக்கும். யாரோ ஒரு பெண் பேசுகிறார். ஒரு சொல்லும் பிடிபடாது. ஆங்கிலம், அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று ஆறு மொழிகளில் ஆறு பெண்கள் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டிக் கலந்து செய்த ஒலி அது. பேச்சின் ஏற்ற இறக்கம் எல்லாம் இருக்கும், அர்த்தம் மட்டும் இருக்காது. திரையில் இரண்டு கோடுகள். ஒன்று, உங்கள் காதுக்கு வர வேண்டிய அளவு. இன்னொன்று, வந்துகொண்டிருக்கும் அளவு. 'ஃபர்ஸ்ட் ஃபிட்' மட்டும் போட்ட பல மெஷின்களில் மேல் ஸ்தாயியில் இரண்டாவது கோடு கீழே தொங்கும். ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு இடமாக அதைத் தூக்கிவிடுகிறார். மெல்லிய பேச்சு, சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு என்று மூன்று அளவிலும் பார்த்து, கடைசியாகப் பெரிய சத்தம் ஒன்றை விட்டு "கூசுதா?" என்று கேட்டு மேல் எல்லையையும் பூட்டுகிறார். பாத்திரம் விழுந்தால் இடி விழுகிறது என்ற புகாருக்கு மருந்து இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. பெரிய மருத்துவமனைகளின் செவித்திறன் பிரிவுகளிலும் நல்ல தனியார் மையங்களிலும் கேட்டுப் பாருங்கள். இல்லாத இடத்தில், சத்தம் புகாத அறையில் மெஷினோடும் மெஷின் இல்லாமலும் சோதித்து வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் "நல்லா கேக்குதா?" என்பதோடு முடித்தால், உங்கள் காதுக்கான வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

முதல் மாதம்: மூளைக்கும் பழகணும்

வருடக்கணக்கில் கேட்காமல் இருந்த ஒலிகள் திரும்பி வரும்போது மூளை திணறும். மின்விசிறி சத்தம், தன் செருப்புச் சத்தம், செய்தித்தாள் புரட்டும் சரசரப்பு எல்லாமே முன்வரிசைக்கு வந்துவிடும். எதைக் கவனிப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று மூளை மறுபடி கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். சிலருக்குச் சில மாதங்கள். தினமும் போட்டால்தான் அந்தப் பாடம் நடக்கும். "வெளியே போனா மட்டும் போடுறேன்" என்பது பாடமே படிக்காமல் நேரே பரீட்சை எழுதுவதுதான்.

முதல் நாளில் வீட்டிலேயே, அமைதியான அறையில், ஒருவரோடு பேசுங்கள். செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள். சொந்தக் குரல் சீக்கிரம் பழகும். பிறகு இரண்டு மூன்று பேர் இருக்கும் கூடம், டி.வி., அதன் பிறகு தெருமுனைக் கடை, பஸ். கல்யாண மண்டபம் கடைசியில். களைப்பாக இருந்தால் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுங்கள். ஒவ்வொரு நாளும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், எழுந்தது முதல் படுக்கும் வரை போடும் நிலைக்கு வர வேண்டும். இரண்டு காதிலும் குறைவு இருந்தால் இரண்டுக்கும் போடுவதே பெரும்பாலும் நல்லது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதற்கும், இரைச்சலில் பேச்சைப் பிரிப்பதற்கும் இரண்டு காதும் வேண்டும்.

தினமும் காலையில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் ஒருவர் கொஞ்சம் தள்ளி, முகம் தெரியாமல் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்லட்டும். டேனியல் லிங் என்பவர் வகுத்த இந்த ஆறும், கீழிருந்து மேல்வரை பேச்சின் எல்லா ஸ்தாயியையும் தொட்டுவிடும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் மெஷினில் ஏதோ அடைப்பு, அல்லது காதில்.

கூடவே ஒரு நோட்டு வையுங்கள். "சரியில்ல" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: 'குக்கர் விசில் காதைக் கிழிக்குது, மத்ததெல்லாம் பரவாயில்ல.' 'மருமக பேசுறது புரியுது, பேரன் பேசுறது புரியல.' 'வலது காதுல சாப்பிடும்போது மட்டும் விசில்.' இவற்றில் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று ஆடியாலஜிஸ்டுக்குச் சொல்லிவிடும். குழந்தையின் குரல் மேல் ஸ்தாயி. சாப்பிடும்போது விசில் என்றால் தாடை அசைவில் மோல்டு நழுவுகிறது. முதல் இரண்டு மாதங்களில் சில தடவை போய் மாற்றிக்கொள்வதுதான் முறை. மெஷின் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

மேளச் சத்தத்துக்கு நடுவே

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், மேளம் முழங்கும் மண்டபத்தில் பக்கத்து இலைக்காரரின் பேச்சைத் தனியாகப் பிரித்துத் தரும் மெஷின் இன்னும் வரவில்லை. முன்னால் வருவதை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும் மைக்குகள் உதவும். மீதியை இடம் பார்த்து உட்கார்ந்து சாதிக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதனால் பேசுகிறவரை நெருங்குவதே முதல் வழி. மேளமும் ஸ்பீக்கரும் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பேசுகிறவர் முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

கச்சேரி ரசிகர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சுக்காக அமைத்த புரோகிராம், நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையை விசில் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுக்கொள்ளலாம். போன் பேசும்போது, காதுக்குப் பின்னால் மாட்டும் வகை என்றால், போனைக் காது ஓட்டையில் வைக்காமல் மைக் இருக்கும் மேல்பக்கம் பிடியுங்கள்.

வியர்வை, தேங்காயெண்ணெய், ஐப்பசி மழை

நம் ஊரில் மெஷினுக்கு முதல் எதிரி ஈரம். கடலோர ஊர்களின் புழுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் உள்ளே துரு ஏறும். இரவில் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்றும் வகைக்கு அதற்கான டிரையர் உண்டா என்று கேளுங்கள். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், முடிக்கு டை எல்லாம் முடிந்து, காய்ந்த பிறகே மெஷின். இந்த மூன்றுக்கும் மைக் துளையை அடைப்பதில் நிகரில்லை. மெஷின் திடீரென்று மந்தமாகிவிட்டதா? ஸ்பீக்கர் முனையில் இருக்கும் சின்ன வெள்ளை வேக்ஸ் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பல 'ரிப்பேர்'கள் அங்கேயே முடிந்துவிடும். கோழி இறகு, சேஃப்டி பின், காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் போகக் கூடாது.

பட்டன் பேட்டரிகள் காற்றுப்பட்டதும் வேலை செய்பவை. ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரை மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்டிக்கரின் நிறமே சைஸ்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

• பொருத்துகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா, விற்பனைப் பிரதிநிதியா?

• வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சில நாள் போட்டுப் பார்க்க முடியுமா?

• அளவு மாற்ற எத்தனை தடவை வரலாம்? அதற்குத் தனிக் கட்டணமா?

• காதுக்குள் அளந்து சரிபார்க்கும் வசதி உண்டா?

• ஃபில்டர், டோம், பேட்டரி எங்கள் ஊரிலேயே கிடைக்குமா? ரிப்பேருக்கு அனுப்பினால் மாற்று மெஷின் தருவீர்களா?

சில ஆயிரத்திலிருந்து சில லட்சம் வரை மெஷின்கள் இருக்கின்றன. ஒழுங்காகப் பொருத்திய நடுத்தர விலை மெஷின், ஒருமுறை மாட்டிவிட்டு அனுப்பிய உச்ச விலை மெஷினைவிட நன்றாகக் கேட்கும். பணம் இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது மெஷின் உண்டு. முகாமில் வாங்கியதை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை பிரிவுக்கு எடுத்துப் போங்கள். ஆடியாலஜிஸ்ட் இருக்கும் இடத்தில் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். இலவசமாக வந்தது என்பதற்காகக் குறை சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

கத்தாதீர்கள். கத்தும்போது உயிரொலிதான் வீங்குகிறது, மெய்யொலி சிதைகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, வழக்கமான குரலில், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுத்துவிட்டு, "மெஷின் போட்டும் கேக்கலையா?" என்பது நியாயமில்லை.

வீட்டாரின் பங்கு இது. ஆடியாலஜிஸ்டின் பங்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று வருடம் கவனித்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023-ல் லான்செட் இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் காது மெஷின் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் அறிவுத்திறனில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால், மறதிநோய்க்கான அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் சரியும் வேகம் 48 சதவிகிதம் குறைந்திருந்தது. செய்தியாளர்கள் இந்த எண்ணைத்தான் தலைப்பாக்கினார்கள். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆய்வில் யாருக்கும் பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மெஷின் பெற்ற ஒவ்வொருவரும் ஆடியாலஜிஸ்டோடு பல அமர்வுகள் உட்கார்ந்தார்கள். மெஷினை அளந்து பொருத்தினார்கள், பழகக் கற்றுக்கொடுத்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

நம் ஊர்க் கடைகளின் பில்லில் மெஷினுக்கு மட்டும்தான் விலை போட்டிருக்கும். அந்த அமர்வுகளுக்கென்று ஒரு வரிகூட இருக்காது. வாடிக்கையாளர் கேட்காதவரை யாரும் அதை எழுதப் போவதும் இல்லை. ஆகவே பீரோவில் இருக்கும் பெட்டியை எடுங்கள், புது பேட்டரி போடுங்கள், குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள், ஆடியாலஜிஸ்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். "நல்லா கேக்குதா?" என்று அவர் கேட்டால், மரியாதைக்காக "கேக்குது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.